மணல் தந்த முதல் ஏடு

எழுதக் கற்பது குழந்தையின் வாழ்வில் சிறு நிகழ்ச்சி அன்று. கண் கண்ட வடிவமும் செவி கேட்ட ஒலியும் அதன் விரல் நுனியில் ஒன்றுசேர வேண்டும். பல ஆண்டுப் பழக்கத்தால் இஃது எவ்வளவு அரிய செயல் என்பதைப் பெரியவர்களாகிய நாம் மறந்துவிடுகிறோம். நம் பழைய திண்ணைப் பள்ளிகள் இதனை மறக்கவில்லை.

அப்பள்ளிகளில் தரையில் பரப்பிய மணலே முதல் ஏடு. ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ ஓர் எழுத்தை எழுதிக் காட்டுவார். அதன் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டும். மணலை நிரவிவிட்டு மீண்டும் எழுதும். கை பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் வந்தன. ஓலையில் கீறிய பிழை நிலைத்துவிடும். மணலில் எழுதிய பிழையோ ஒரு கையசைவில் மறைந்துபோகும். அச்சமின்றிக் கற்பதற்கு இதனினும் எளிய வழி ஏது?

இம்முறை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. 1623ஆம் ஆண்டு கன்னட நாட்டில் பயணம் செய்த உரோமைப் பயணி பியெத்ரோ தெல்லா வால்லே, கோயில் முகப்பில் நான்கு சிறுவர் பாடிக்கொண்டே மணலில் எழுதிக் கணக்குப் பயில்வதைக் கண்டார். ஆசிரியர் இன்றியே அவர்கள் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டனர்.

நூற்றாண்டு ஒன்றரை கடந்தபின், இக்காட்சி மற்றொருவரையும் ஈர்த்தது. 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. அதன் மேற்பார்வையை ஏற்றவர் ஸ்காட்லாந்து நாட்டு ஆங்கிலிக்கன் குரு ஆண்ட்ரூ பெல். ஒரு நாள் காலை குதிரையில் செல்லும் வழியில், தமிழ்ப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே கற்பிக்கச் சொன்னார், ஆசிரியர் இணங்கவில்லை. பெல் மனந்தளராமல் அப்பணியை ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர் மறுத்ததை அச்சிறுவன் செய்து காட்டினான்!

1797இல் பெல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். மறு ஆண்டே அந்நகரப் பள்ளி ஒன்று இதனைக் கைக்கொண்டது. ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் சென்னையின் பழைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும் பரவியபோது அம்முறை தன் உயிரை இழக்கலாயிற்று. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஓர் ஆசிரியர், குறைந்த செலவு என்பனவே அதன் பெருமைகளாயின. மனப்பாடம் மிகுந்தது. 1846 முதல் பயிற்சி பெற்ற மாணவ ஆசிரியர்களை அரசு ஆதரிக்கவே, பழைய முறை மெல்ல மறைந்தது. பிள்ளையின் விரலருகே இருந்த அக்கறையைப் பெருங்கூட்டத்தின் ஒழுங்கு ஈடுசெய்யவில்லை.

இவ்வரலாறு இன்றைய பெற்றோருக்கும் உரியது. பிஞ்சுக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால், பிள்ளை எழுத்தை அன்று, எழுத்தின்மீது வெறுப்பையே கற்கும். ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்புவோம். நாள்தோறும் பத்து நிமிடம் போதும். ஓர் எழுத்து, பின்னர் ஒரு சொல், வளர்ந்தபின் அன்று கண்டதைப் பற்றி ஒரு வாக்கியம். பிழை நேர்ந்தால் நிரவிவிட்டு மீண்டும் தொடங்கட்டும். அப்பத்து நிமிடமும் நாம் அருகில் அமர்ந்திருப்பதே அக்குழந்தைக்கு வேண்டிய பெரிய உதவி.