நைஜர் ஆறும் கொயினாவும்

மலேரியா பரவியுள்ள வெப்ப நாடுகளுக்குச் செல்லும் பயணி, இன்று மருத்துவர் சொற்படி புறப்படுமுன்னரே மருந்து உட்கொள்ளத் தொடங்குகிறார். திரும்பிய பின்னரும் சில காலம் அதனை விடுவதில்லை. நோய் வருமுன்னே நாள்தோறும் மருந்து என்னும் இவ்வழக்கம் எங்கே வேரூன்றிற்று என்று ஆராயின், மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றங்கரைக்கு நாம் செல்லல் வேண்டும்.

1832-இல் மக்கிரெகர் லேயர்டு என்னும் வணிகர் நீராவிக் கப்பல்களுடன் அவ்வாற்றினுள் நுழைந்தார். உடன் சென்ற 48 ஐரோப்பியருள் உயிரோடு மீண்டவர் 9 பேரே. 1841-இல் பிரிட்டிஷ் அரசாங்கமே மூன்று கப்பல்களை அனுப்பிற்று. சதுப்பு நிலத்தினின்று எழும் நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்பது அக்கால மருத்துவர்தம் துணிபு. மலேரியா என்னும் சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்பதுதான் பொருள். ஆதலின், காற்றைத் தூய்மை செய்து கப்பலின் உட்பகுதிகளுக்குச் செலுத்தும் பொறிகளைப் பெருமுயற்சியுடன் அமைத்தனர். பயன் என்ன? 145 ஐரோப்பியருள் 130 பேர் காய்ச்சலில் வீழ்ந்தனர். ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். காற்றை வடிகட்டினார்களேயன்றிக் கொசுவை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அப்பயணத்தில் தாம்சன் என்றொரு மருத்துவர் இருந்தார். 1820-இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் சின்கோனா மரப்பட்டையினின்று பிரித்தெடுத்த கொயினாவை அவர் நாள்தோறும் உண்டு வந்தார். ஆப்பிரிக்காவில் நலமாகவே இருந்தார். இங்கிலாந்து திரும்பி மருந்தை நிறுத்தினார், காய்ச்சல் வந்துவிட்டது! இந்த ஒரு செய்தியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஊர் திரும்பியதும் மருந்தை எறிந்துவிடும் பயணிகள் இன்றும் உளரன்றோ?

1854-இல் 'பிளையட்' என்னும் சிறு கப்பல் புறப்பட்டது. கார்த்திகை மீன்களுள் ஒன்றைக் குறிக்கும் பெயர் அது. தலைமை தாங்க வேண்டியவர் இறந்துவிட்டமையால், முப்பது வயது நிரம்பாத கப்பல் மருத்துவர் பெய்க்கியிடம் பொறுப்பு வந்தது. அவர் கொயினாவைத் திராட்சை மதுவில் கலந்து ஐரோப்பியர்க்கு நாள்தோறும் கொடுத்தார். கப்பல் 118 நாள் ஆற்றில் இருந்தது. பெனுவே ஆற்றிலும் நெடுந்தொலைவு சென்றது. ஒருவரும் இறக்கவில்லை.

வியப்பு யாதெனில், பெய்க்கியும் நச்சுக்காற்றையே நம்பியவர். காரணம் பிழை, செயல் சரி. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல்தான்.

இக்கதைக்கு மறுபுறமும் உண்டு. காய்ச்சல் என்னும் காவல் தளர்ந்ததும் வணிகர் வந்தனர். அவர் பின்னே ஆட்சியும் வந்தது. 1861-இல் லாகோஸ் பிரிட்டிஷார் வசமாயிற்று. நம் நீலகிரியில் அவர்கள் சின்கோனா பயிரிடத் தொடங்கியதும் அக்காலத்தேதான். உயிர் காத்த மருந்தே நாடு பிடிக்கவும் துணை நின்றது என்பதை வரலாறு கற்பிப்போர் மறைத்தல் ஆகாது.

லிவிங்ஸ்டனுக்குப் பக்கம் பக்கமாக இடமளித்த பாடநூல்களில் பெய்க்கிக்கு ஒரு வரியும் நான் கண்டதில்லை. 1864-இல், தாயகம் திரும்பும் வழியில், சியரா லியோனில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 39.