சுண்டெலி காட்டுவதும் காட்டாததும்: டெங்குவின் என்.எஸ்.1 புரதமும் உள்ளார்ந்த நிர்ப்பீடனமும்

நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை முதலிய தீவகப் பகுதிகளில் கிணற்றுநீர் பல இடங்களில் உவர். நன்னீரைத் தொட்டியிலும் பீப்பாயிலும் சேமிப்பது தவிர்க்கவியலாதது. அவ்வாறு சேமித்த நீர் டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்புக்கு உகந்தது. உவர்நீரில் அது பெருகாது என்ற நம்பிக்கையையும், ரஞ்சன் ராமசாமி, எஸ். என். சுரேந்திரன் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு தளர்த்தியது: இலங்கைக் கரையோர உவர்நீரில் ஈடிசு குடம்பிகள் வளர்ந்தன. குருதிக்கலன்கள் கசிந்து நோய் கடுமையானால் நெடுந்தீவு நோயாளியைக் குறிகட்டுவானுக்குப் படகில் ஏற்றவேண்டும். ஆகவே குருதிக்கலனிலிருந்து திரவவிழையம் ஏன் கசிகிறது என்பது இங்கு ஏட்டுக் கேள்வியல்ல. அதற்குச் சுண்டெலி தரும் விடையில் ஒரு பகுதியே மனிதருக்குச் செல்லும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உள்ளார்ந்த நிர்ப்பீடனம் வைரசைப் பெரும்பாலும் அதன் நியூக்கிளிக் அமிலத்தைக் கொண்டே இனங்காண்கிறது. புரதத்தை இனங்காண்பது அரிது. சுவாச ஒத்திசைவு வைரசின் எஃப் புரதத்தை டோல்-4 வாங்கி உணர்வதாக 2000இல் வந்த ஆய்வு அத்தகைய இனங்காணலுக்கு முன்னோடி. டெங்கு தொற்றிய கலங்கள் குருதியில் விடும் என்.எஸ்.1, ஆறு அலகுகள் கூடி நடுவே கொழுப்பைத் தாங்கும் புரதம். அது டோல்-4 வழியே நிர்ப்பீடனக் கலங்களைத் தூண்டுவதையும், அவ்வாங்கியைத் தடுத்தால் சுண்டெலியில் கசிவு குறைவதையும் 2015இல் ஓர் ஆய்வுக்குழு காட்டியது. அதே ஆண்டில் மற்றொரு குழு, என்.எஸ்.1 தனித்தே கசிவை உண்டாக்குவதையும், அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் சுண்டெலியைக் காப்பதையும் நிறுவியது.

டோல்-4 இயல்பில் பற்றீரிய நச்சை உணரும் வாங்கி. ஆய்வுகூடப் புரதத்தில் கலந்த மாசுதான் அதைத் தூண்டியிருக்கும் என்பது முதல் ஆட்சேபம். இது வலுவானது. ஆனால் பற்றீரிய நச்சோடு பிணையாத, என்.எஸ்.1 ஒன்றையே பற்றும் பிறபொருளெதிரி விளைவை அடக்குமாயின், காரணம் புரதமே எனக் கொள்வதே பொருத்தம்.

இரண்டாம் ஆட்சேபம் இன்னும் ஆழமானது. மனிதரில் வைரசின் என்.எஸ்.5 புரதம், வைரசை எதிர்க்கும் இன்டர்பெரோனின் கட்டளையைக் கடத்தும் ஸ்டாட்2 புரதத்தை அழித்து அக்கட்டளையை முடக்குகிறது. சுண்டெலியின் ஸ்டாட்2ஐ அதனால் அழிக்க முடிவதில்லை. மனித ஸ்டிங் புரதத்தை வெட்டும் வைரசின் நொதியம் சுண்டெலியின் ஸ்டிங்கை வெட்டுவதில்லை. இதனால் இயல்பான சுண்டெலியில் வைரசு எளிதில் பெருகாது; எனவேதான் இன்டர்பெரோன் வாங்கிகள் நீக்கப்பட்ட ஏ.ஜி.129 போன்ற சுண்டெலிகள் தேவைப்படுகின்றன. எதிர்ப்பின் ஒரு கையை வெட்டிவிட்டு எதிர்ப்பை அளப்பது முறையா? தொற்றின் முழுப்போக்கையும் படிக்க முறையன்று. ஆனால் என்.எஸ்.1ஐ நேரடியாகச் செலுத்தும் சோதனைக்கு வைரசு பெருகத் தேவையில்லை. இயல்பான சுண்டெலியே போதும். புரதத்துக்கும் குருதிக்கலனுக்கும் உள்ள தொடர்பு பற்றிய சான்று இக்குறையால் கெடுவதில்லை.

அத்தொடர்பு எவ்வழியில் நிகழ்கிறது என்பதற்கான சான்றோ அவ்வளவு உறுதியானதல்ல. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் நீலிகா மளவிகே குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், என்.எஸ்.1 மனித ஒற்றைக்குழியங்களில் அழற்சியைத் தணிக்கும் ஐ.எல்.-10ஐச் சுரக்கவைத்தது. அழற்சிச் சைற்றோகைன்கள் இன்றியே, குருதிக்கலன் அகவணியின் மேலுள்ள வெல்லப்படையைச் சிதைத்தும் அது கசிவை உண்டாக்குவதாக 2017இல் சுண்டெலியிலேயே காட்டப்பட்டது. ஆகவே டோல்-4ஐ மட்டும் தடுக்கும் மருந்தைச் சுண்டெலிச் சான்றை நம்பி நோயாளிக்குக் கொடுப்பது அவசரம். வழிகள் பலவாயினும் அவை தொடங்குமிடம் என்.எஸ்.1தான்; அப்புரதத்தையே முடக்கும் பிறபொருளெதிரியும் தடுப்பூசியுமே மனித ஆய்வில் முதலிடம் பெறத்தக்கவை.