ஆரம்பகால ஜாஸ் குழுக்களின் புகைப்படங்கள்

ஜாஸ் இசை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருவானது. அதன் முதல் இசைத்தட்டு 1917-இல்தான் வெளிவந்தது. பதிவு செய்தவர்கள் 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்' என்ற வெள்ளையர் குழுவினர். அதற்கு முன் வாசித்த கறுப்பின முன்னோடிகள் பலரின் இசையைக் கேட்க இன்று வழியில்லை. யார் யாருடன் வாசித்தார்கள், கையில் என்ன கருவி இருந்தது என்பதற்குப் பழைய புகைப்படங்களே பெரும்பாலும் சான்று.

இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது கார்னெட் கலைஞர் படி போல்டன் குழுவின் படம். 1905-ஐ ஒட்டி எடுக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. போல்டனின் முகத்தைக் காட்டும் உறுதியான படம் இது ஒன்றே. டிராம்போன் வாசித்த வில்லி கார்னிஷ் பாதுகாத்து வைத்திருந்த இப்படம் 1939-இல் ஒரு நூலில் அச்சாகிப் பரவியது. மூலப்படி பின்னர் தொலைந்துபோனது. எஞ்சியிருப்பவை நகல்கள். அவற்றிலும் இடவலம் மாறிய இரண்டு வடிவங்கள் புழங்குகின்றன. ஒன்றில் பாஸ், கிதார் வாசிப்பவர்கள் இடக்கைக்காரர்களாகத் தெரிகிறார்கள். அதைத் திருப்பிப் போட்டால் அவர்கள் சரியாகிவிடுவார்கள், ஆனால் கிளாரினெட் வாசிப்பவர்களின் கைகள் மாறிப்போகும். எது சரி என்ற வாதம் இன்னும் தீரவில்லை.

கர்நாடக இசை ரசிகர்களுக்கு இந்தச் சிக்கல் எளிதில் பிடிபடும். வலந்தலை சபையை நோக்கி இருக்க வேண்டும் என்பதால் மிருதங்கக்காரர் வழக்கமாகப் பாடகரின் வலப்பக்கம் அமர்வார். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் வாசித்த மேடைகளில் பக்கவாத்தியங்களின் இடமே மாறியது. அவரை அறியாத ஒருவர் அந்தக் கச்சேரிப் படத்தைப் பார்த்தால், நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள் என்றே நினைப்பார்.

தேதியில்லாத படத்தின் காலத்தைக் கருவிகளே ஓரளவு சொல்லிவிடும். பாஞ்சோவும் டியூபாவும் இருந்தால் பெரும்பாலும் 1920-கள். 1930-ஐ ஒட்டி அவற்றின் இடத்துக்குக் கிதாரும் டபுள் பாஸும் வந்தன. பாடகர் கையில் மெகாஃபோன் இருந்தால் மைக் பரவாத காலம். பெரிய டிரம்மின் முகப்பில் குழுவின் பெயரை எழுதுவது வழக்கமாக இருந்ததால் பல படங்களுக்கு அதுவே தலைப்பாகவும் உதவுகிறது. ஆனால் இவை பெரும்பாலும் ஸ்டுடியோவில் விளம்பரத்துக்காக எடுக்கப்பட்டவை. கோட்டு, சூட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை எல்லாம் முதலாளிகளுக்குக் காட்டுவதற்கானவை. அந்த அசையாத முகங்களை வைத்து இசையும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. பிளாஷ் பல்பு 1930 வாக்கில் பரவிய பிறகே, இருண்ட விடுதிக்குள் வாசிப்பவரை வாசிக்கும்போதே பிடிப்பது எளிதாயிற்று.

இந்தியாவில் ஜாஸ் ஹோட்டல்கள் வழியாக நுழைந்தது. கல்கத்தாவின் கிராண்ட் ஹோட்டலில் ஜிம்மி லெக்விம் நடத்திய குழு 1926-இல் அந்நகரிலேயே இசைத்தட்டுப் பதிவு செய்தது. பின்னாளில் பிரிட்டனில் புகழ்பெற்ற பாடகர் ஆல் பௌலி அப்போது அதில் இருந்தார். 1935-இல் வயலின் கலைஞர் லியான் ஆபி, ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் மட்டுமே கொண்ட குழுவுடன் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலுக்கு வந்தார். அடுத்த ஆண்டு அதே ஹோட்டலில் தலைமையேற்ற டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித், முதல் ஜாஸ் தட்டு வெளிவருவதற்கு முன்பே நியூயார்க்கில் பதிவுகளில் வாசித்தவர்.

பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டின் கல்கத்தாக் குழு இன்னும் சுவையானது. பர்மாவிலிருந்து வந்த ரூபன் சாலமனும் செட்ரிக் வெஸ்டும், ஜார்ஜ் பேங்க்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட நேபாளியான புஷ்கர் பகதூரும் அதில் வாசித்தார்கள். இனம் கலந்து ஒரே மேடையில் வாசிப்பது அமெரிக்காவில் அரிதாக இருந்த காலம் அது. வெதர்ஃபோர்ட் 1945-இல் காலராவால் கல்கத்தாவிலேயே இறந்தார்.

ஹோட்டல் மேடைகளைப் பின்னர் கோவா கலைஞர்கள் நிரப்பினர். அல்டோனா ஊரில் பிறந்து 'சிக் சாக்லேட்' என்ற பெயரில் புகழ்பெற்ற அந்தோனியோ சேவியர் வாஸ், 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' எனப்பட்டார். 1951-இல் வந்த 'அல்பேலா' இந்திப் படத்தில் அவர் தம் குழுவோடு திரையிலும் தோன்றினார். ஸ்டுடியோ படங்களில் கிடைக்காத உடல்மொழிக்கு அது நல்ல ஆவணம்.

சென்னையின் தொடர்பு சற்றுப் பிந்தியது. அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் 1958-இல் சுற்றுப்பயணம் வந்த டேவ் புரூபெக் குழு சென்னை வானொலி நிலையத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தது. டிரம் கலைஞர் ஜோ மொரெல்லோவும் மிருதங்க மேதையும் சந்தித்த அந்நிகழ்ச்சி, இந்நகரின் ஜாஸ் வரலாற்றில் முக்கியமானது. பெரிய பெயர்களை விட்டுவிட்டுப் பார்த்தால் பெரம்பூர், பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளின் ஆங்கிலோ இந்தியக் குடும்ப ஆல்பங்களைச் சொல்ல வேண்டும். ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடன இரவுகளில் வாசித்தவர்களைத் தேடுவோர் அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் சுதந்திரத்துக்குப் பின் அக்குடும்பங்களில் பல ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்தன. ஆல்பங்களும் உடன் போயின.

அமெரிக்காவில் இத்தகைய படங்களைத் திரட்டியவர்களில் ஃபிராங்க் டிரிக்ஸ் முதன்மையானவர். டுலேன் பல்கலைக்கழகம் 1958-இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸுக்கெனக் காப்பகம் தொடங்கியது. வில்லியம் காட்லீப் 1938 முதல் 1948 வரை எடுத்த படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. 2010 முதல் அவை பொதுவுடைமை. இந்தியப் படங்களைப் பொறுத்தவரை, நரேஷ் பெர்னாண்டஸ் எழுதிய 'தாஜ்மகால் ஃபாக்ஸ்டிராட்' என்ற ஆங்கில நூல் குறிப்பிடத்தக்கது. 1936-இல் கிரிக்கெட் ஸ்மித் குழு பம்பாயில் பதிவு செய்த ஓர் இசைத்தட்டின் பெயரையே நூலுக்கு வைத்திருக்கிறார்.