ஹார்ட்டெயில் மலைச் சைக்கிள்: சந்திரகிரி வட்டாரத்தில் வாங்குதலும் மேம்படுத்தலும்

முன்சக்கரத்துக்கு மட்டும் அதிர்வு தாங்கும் ஃபோர்க் பொருத்தி, பின்பக்கத்தை ஸ்பிரிங் ஏதுமில்லாமல் இறுக்கமாக விட்ட மலைச் சைக்கிளுக்கு ஹார்ட்டெயில் என்று பெயர். ஃபோர்க் 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை அமுங்குவதாகவும், ஏற்றத்தில் மிதிக்க வசதியாக ஓட்டுபவர் சற்றுக் குனிந்து உட்காரும்படியும் அமைந்தால் அது கிராஸ் கன்ட்ரி வகை. ஓட்டுபவர்கள் சுருக்கமாக எக்ஸ்சி என்பார்கள். பின்பக்கமும் அதிர்வு தாங்கும் முழு அதிர்வுதாங்கி சைக்கிளைவிட ஹார்ட்டெயிலுக்கு விலையும் எடையும் குறைவு, பழுதாகும் மூட்டுகளும் குறைவு. வாங்கிய சில மாதங்களிலேயே ஒவ்வொரு பாகமாக மாற்றத் தோன்றும். அதை எந்த வரிசையில் மாற்றுவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதைத் திருப்பதி, சித்தூர் மாவட்டங்களின் நிலத்தை, குறிப்பாகச் சந்திரகிரி வட்டாரத்தை, வைத்தே இங்கே பார்க்கலாம்.

வரலாறு

1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்ட இளைஞர்கள், தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றிச் சென்று மண்பாதையில் இறக்கி ஓட்டினார்கள். அவர்களின் முதல் போட்டி 1976 அக்டோபர் 21 அன்று நடந்தது. இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் போட்டிக்கு ‘ரீபேக்’ என்றே பெயர் வந்தது. மறு ஆண்டு ஜோ பிரீஸ் மலைக்கென்றே முதல் சைக்கிள் சட்டங்களை (ஃபிரேம்) செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெரிய அளவில் சந்தைக்கு வந்தது. ஃபோர்க்கில் அதிர்வுதாங்கி பரவியது ராக்‌ஷாக்ஸ் வந்த பிறகு, 1990ஐ ஒட்டி. அந்த ஆண்டே அமெரிக்காவின் டுராங்கோவில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டாவில் எக்ஸ்சி ஒலிம்பிக் விளையாட்டானது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி முழு அதிர்வுதாங்கி சைக்கிளில் தங்கம் வென்றார். அதன்பின் உச்சநிலைப் போட்டிகளில் ஹார்ட்டெயில் அரிதாகிவிட்டது. மற்றவர்களிடம் அதன் இடம் அப்படியே இருக்கிறது.

நம் பக்கத்தில் 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், லூதியானா ஹீரோவின் ரேஞ்சர் ஆகியவற்றால்தான் 1990களில் ‘எம்டிபி’ (மவுன்டன் பைக்) என்ற சொல் ஊர் வழக்கானது. அவற்றில் தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் இருந்தன. மலைக்கான உறுதி இருக்கவில்லை. 2005இல் ஃபயர்ஃபாக்ஸும், 2011இல் டி.ஐ.யின் மான்ட்ராவும், பின்னர் டெக்கத்லானின் ராக்ரைடரும் வந்த பிறகே, பாகங்களைக் கழற்றி மேம்படுத்தத் தகுந்த ஹார்ட்டெயில் நடுத்தர வருமானக்காரர் கைக்கு எட்டியது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி கேரளத்தின் பொன்முடியில் நடந்தது.

நிலம்

திருப்பதிக்குத் தென்மேற்கே சொர்ணமுகி ஆற்றங்கரையில் சந்திரகிரி இருக்கிறது. விஜயநகரத்தின் கடைசிக் கால அரவீடு மன்னர்களின் தலைநகரமாக இருந்த ஊர் இது. சென்னைக்கு நிலம் தந்த 1639ஆம் ஆண்டு மானியத்தோடு சேர்த்து இவ்வூர்க் கோட்டையின் ராஜ மகாலைச் சொல்வது வழக்கம். காட்பாடி–பாகாலா–திருப்பதி ரயில் பாதையில் இங்கே ஒரு நிலையம் உண்டு. கோட்டைப் பாறை சுமார் 180 மீட்டர் உயரம். வடக்கே சேஷாசலம் மலைத்தொடர் சுவர்போல் எழுகிறது.

சைக்கிள்காரருக்கு இங்கே முக்கியம் பாறை. அடியில் மிகப் பழைய கிரானைட். அதன்மேல் பல கோடி ஆண்டு இடைவெளிக்குப் பின் படிந்த குவார்ட்சைட். இரண்டும் சந்திக்கும் கோடு திருமலை மலைப்பாதையில் கண்ணாலேயே தெரியும். அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். சமவெளியில் கிரானைட் சிதைந்து, கடினமான தரைமேல் பருக்கை மணலாகக் கிடக்கிறது. வளைவில் முன்சக்கரம் நழுவுவது இதில்தான். மலையடிவாரத்தில் உருண்டு கிடக்கும் குவார்ட்சைட் துண்டுகளோ விளிம்பு கூரானவை. டயரின் பக்கச்சுவரைக் கிழிப்பவை அவை.

இவற்றோடு முள் வேறு. ஏரிக்கரைகளில் சீமைக் கருவேலம். வேர்க்கடலை அறுத்த கொல்லைகளிலும் மாந்தோப்பு ஓரத்து வண்டித்தடங்களிலும் நெருஞ்சி. உள்ளூர்த் தெலுங்கில் அதைப் பல்லேரு என்பார்கள். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பர் வெள்ளத்தில் சிதைந்த, திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் படிவழி 2022 மே மாதம்தான் மீண்டும் திறந்தது. மலைவழித் தடங்களை மழை எவ்வளவு மாற்றிப்போடும் என்பதற்கு அதுவே போதிய சான்று.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பின்னால் செய்யக்கூடிய மேம்பாடெல்லாம் சட்டத்தின் அளவுகளில் அடங்கியிருக்கிறது. கியர், பிரேக், சீட், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் மாற்றலாம். தலைக்குழாயையும் பின் அச்சு இருக்கும் இடத்தையும் மாற்ற முடியாது.

தலைக்குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக, 34 மில்லிமீட்டர் உள்விட்டத்தோடு இருந்தால், ஃபோர்க் தண்டும் ஒன்றே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பழைய நேர் வகையாகத்தான் இருக்க வேண்டும். இன்று வரும் நல்ல காற்று ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றுக்குத் தண்டு அடியில் ஒன்றரை அங்குலமாகத் தடித்திருக்கும். அது இதில் நுழையாது. குழாய் 44 மில்லிமீட்டராக இருந்தால் கீழே வெளிக்கிண்ணம் வைத்துப் பொருத்திவிடலாம். கடையில் ஒரு வெர்னியர் காலிப்பரால் அளந்து பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்தது பின்சக்கர ஹப். விலை குறைந்த 7 கியர் சைக்கிள்களில் பற்சக்கரக் கூட்டம் ஹப்பில் திருகி ஏற்றும் ஃப்ரீவீலாக இருக்கும். அதில் பெரிய பற்சக்கரங்கள் போட வழி மிகக் குறைவு, அச்சும் வளையும். 8 அல்லது அதற்கு மேற்பட்ட கியர் கொண்ட சைக்கிளில், கேசட் என்னும் பற்சக்கரத் தொகுப்பைச் செருகும் ஃப்ரீஹப் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால் பின்னாளில் நிறைய வழி திறக்கும். அச்சு விரைவுக் கழற்றி வகையா, குறுக்கே திருகும் தடித்த த்ரூ ஆக்சிலா என்பதும் முக்கியம்: த்ரூ ஆக்சில் இருந்தால் இன்றைய சக்கரங்களும் ஃபோர்க்குகளும் நேராகப் பொருந்தும்.

சக்கர அளவில் 29 அங்குலமே இப்போது எக்ஸ்சிக்கு வழக்கம். அதன் ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர், ரோடு சைக்கிளின் 700சிக்கும் அதே அளவு. 27.5க்கு 584, பழைய 26க்கு 559. 26 அங்குலத்தில் நல்ல டயரும் ஃபோர்க்கும் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகிறது. இன்று புதிதாக வாங்குபவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

டயர்

இந்த வட்டாரத்தில் முதல் செலவு டயருக்குத்தான் போக வேண்டும். கியரைப் பற்றியும் ஃபோர்க்கைப் பற்றியும் ஆயிரம் பேசலாம். பல்லேரு முள் குத்தினால் வண்டி நின்றுவிடும்.

கடையிலிருந்து வரும் கம்பிவளைய டயர் கனமானது, ரப்பரும் கடினம். 2.25 அங்குல அகலத்தில், பக்கச்சுவர் தடித்த, மடிக்கக்கூடிய டயர் போட்டால் ஏற்றத்திலும் வளைவிலும் வேறுபாடு முதல் நாளே தெரியும். பருக்கை மணலில் நடுவே தாழ்ந்த நெருக்கமான கட்டைகளும், ஓரத்தில் உயர்ந்த கட்டைகளும் உள்ள டயர் சிறப்பாகப் பிடிக்கும்.

அதற்கடுத்த படி டியூப்லெஸ். ரிம் அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் பிடிக்காது. ரிம்மின் உள்பள்ளத்தைத் துடைத்து, டேப்பை இழுத்து ஒட்டி, வால்வு பொருத்தி, 29 அங்குல டயருக்கு சுமார் 100 மில்லி லேடெக்ஸ் திரவம் ஊற்றி, ஒரே மூச்சில் காற்றடித்தால் ஓரங்கள் ‘டப்’ என்ற சத்தத்தோடு ரிம்மில் உட்காரும். நெருஞ்சி குத்திய துளையைத் திரவம் தானாக அடைத்துக்கொள்ளும். வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். மறுபடி ஊற்ற வேண்டும். குவார்ட்சைட் கிழித்த பக்கச்சுவரை அது அடைக்காது. ஆகவே அடைப்புத் திரி, ஒரு மாற்று டியூப், பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டு ஆகியவை பையில் இருக்கட்டும். கிழிந்த இடத்தில் அந்தத் துண்டை உள்ளே வைத்து டியூபைப் போட்டால் வீடு வந்து சேரலாம்.

டியூபோடு ஓட்டுபவர் பஞ்சர் ஒட்டுமுன் முள்ளைத் தேடியாக வேண்டும். விரலால் தடவினால் விரலில்தான் குத்தும். ஒரு பழைய துணியை டயருக்குள் சுற்றித் தேய்த்தால் முள் நுனி துணியில் மாட்டி நிற்கும். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடக் கூடாது, அடுத்தடுத்து மூன்று நான்கு இருக்கும்.

காற்றழுத்தம் குறித்து ஒரு வார்த்தை. சாலையோரக் கடைகளில் டயர் விறைக்கும்வரை அடித்துத் தருவார்கள். அவ்வளவு வேண்டாம். எழுபது கிலோ எடையுள்ளவர் டியூப்லெஸில் முன்னால் 20, பின்னால் 24 பிஎஸ்ஐ அளவிலும், டியூபில் அதைவிட 8 அல்லது 10 கூடுதலாகவும் தொடங்கிச் சரிசெய்துகொள்ளலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் கிராமத்துப் பம்பு பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்திருங்கள்.

கியரும் செயினும்

முன்னால் மூன்று தட்டு, பின்னால் 7 கியர் கொண்ட சைக்கிளில் 24 பல் முன்னும் 28 பல் பின்னுமாக மிகத் தாழ்ந்த கியர் அமைந்தால், 29 அங்குலச் சக்கரம் ஒரு முழு மிதிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் நகரும். முன்னால் 32 பல் ஒற்றைத் தட்டு, பின்னால் 51 பல் என்றால் 1.4 மீட்டர்தான். மதனப்பள்ளிக்கு அருகே 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஹார்ஸ்லி மலையேற்றத்தில் இந்த வேறுபாட்டை முழங்கால் உணரும்.

ஒற்றைத் தட்டுக்கு மாறும்போது பலர் நேராக ஷிமானோ டியோர் 12 கியரைக் கேட்கிறார்கள். அதன் 10–51 கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற தனி ஹப் உடல் தேவை. பழைய சக்கரத்தில் ஏறாது. பழைய ஃப்ரீஹப் வைத்திருப்பவருக்கு டியோர் 11 கியரின் 11–51 அல்லது மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் 9 கியரின் 11–42 அப்படியே பொருந்தும். சக்கரம் மாற்றும் செலவு மிச்சம். இரண்டில் எதை எடுத்தாலும் செயினைக் கியர் மாற்றும் பின் டிரெயிலியரில் கிளட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கல் பாதையில் செயின் குதிக்காமல் அதுதான் பிடிக்கும்.

உள்ள கியர் தேயும்வரை மாற்ற அவசரம் வேண்டாம். தேய்மானத்தை வீட்டு ஸ்கேலால் அளக்கலாம்: புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணி 24 பின் தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு நீளும்வரை விட்டால் கேசட்டையும் அது தின்றிருக்கும்.

ஃபோர்க்

ஆரம்ப விலை சைக்கிள்களில் பெரும்பாலும் சன்டூர் எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் போன்ற எஃகு ஸ்பிரிங் ஃபோர்க் வரும். கனமானது, ஓட்டுபவரின் எடைக்கேற்ப மாற்றும் வாய்ப்பும் குறைவு. காற்று ஃபோர்க்கில் அழுத்தத்தை நம் எடைக்கு வைத்துக்கொள்ளலாம். ஃபோர்க்கின் மெல்லிய குழாயில் ஒரு ரப்பர் பேண்டை அடிவரை இறக்கிவிட்டு, பை, தண்ணீரோடு ஏறி நின்று, மெதுவாக இறங்கிப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் ரப்பர் பேண்ட் 20 முதல் 25 மில்லிமீட்டர் மேலே நகர்ந்திருந்தால் அழுத்தம் சரி.

நீளமான ஃபோர்க் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் தவறு. 20 மில்லிமீட்டர் கூடினால் முன்கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி சாயும், ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும், தலைக்குழாய்ப் பற்றவைப்பில் பளு கூடும். தயாரிப்பாளர் சொன்ன அளவோடு நிற்பதே முறை. ஃபோர்க்கும் கியரும் சேர்ந்து சைக்கிள் வாங்கிய விலையில் பாதியைத் தாண்டுமானால், அதை விற்றுவிட்டு அடுத்த நிலை ஹார்ட்டெயிலை வாங்குவதே லாபம். முழுச் சைக்கிளில் வரும் அதே பாகங்கள், தனியாக வாங்கும்போது எப்போதும் கூடுதல் விலை.

பிரேக்கும் பராமரிப்பும்

கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக்கை ஷிமானோ எம்டி200 போன்ற ஹைட்ராலிக்காக மாற்றுவது செலவு குறைந்த, பலன் மிகுந்த மேம்பாடு. டயருக்கு அடுத்த இடம் இதற்கு. ஷிமானோவும் டெக்ட்ரோவும் மினரல் ஆயில் கேட்கும். ஸ்ராமின் பல பிரேக்குகள் டாட் திரவம் கேட்கும். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டு பிரேக்கே போய்விடும். மோட்டார்சைக்கிள் மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள், அவர் கையில் இருப்பது டாட் திரவம்தான்.

கோடையில் செயினுக்கு மெழுகு அல்லது உலர் எண்ணெய், மழையில் ஈர எண்ணெய். உயர் அழுத்தத் தண்ணீர் பீச்சும் வாட்டர் சர்வீஸுக்கு மட்டும் சைக்கிளை விடவே கூடாது. பேரிங்குகளுக்குள் நீர் இறங்கிவிடும்.

காட்டு எல்லை

சேஷாசலம் 2010 முதல் உயிர்க்கோளக் காப்பகம். அதன் ஒரு பகுதி 1989இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. செம்மரம் விளையும் காடு இது என்பதால் கண்காணிப்பு கடுமை. 2015 ஏப்ரல் 7 அன்று தமிழகத் தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திரச் செம்மரத் தடுப்புப் படையினர் சுட்டுக் கொன்றது சந்திரகிரியை அடுத்த இந்தச் சரிவுகளில்தான். 2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைவழியில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி இறந்தாள். இணைய வரைபடத்தில் கோடு தெரிகிறது என்பதற்காக அந்தத் தடத்தில் சைக்கிளை விடாதீர்கள். காட்டுக்கு வெளியே ஏரிக்கரைகளும் தோப்புத் தடங்களும் வேண்டிய அளவு இருக்கின்றன; விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.