‘ஜான் ஆடம்ஸ்’ தொடரும் சூடு போட்ட இரண்டு கட்டைவிரல்களும்

அரசியல் நாடகம் பிடிக்கும் என்று யார் சொன்னாலும் 2008ல் ஹெச்பிஓவில் வந்த ‘ஜான் ஆடம்ஸ்’ தொடரைத்தான் சிபாரிசு செய்வேன். மொத்தம் ஏழு பாகம். அமெரிக்காவின் இரண்டாவது அதிபராக பால் ஜியாமட்டி. ஊரே எதிர்த்தாலும் தனக்குச் சரின்னு பட்டதை விடாத மனுஷன் என்பதுதான் தொடரின் சரடு. ஆனால் அந்தப் பிடிவாதத்தை எடுத்துக்காட்ட வேண்டிய இடங்களிலேயே தொடர் வரலாற்றை மாற்றிவிடுகிறது.

முதல் பாகத்தையே எடுத்துக்கலாம். 1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். கேப்டன் பிரஸ்டன் மீதும் எட்டு சிப்பாய்கள் மீதும் கொலை வழக்கு. பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்த அணியைச் சேர்ந்த ஆடம்ஸே அவர்களுக்காக வாதாடினார். இதெல்லாம் உண்மை. தொடரில் ஒரே விசாரணை, எல்லோருக்கும் விடுதலை.

நடந்தது வேறு. விசாரணைகள் இரண்டு. அக்டோபரில் பிரஸ்டன் தனியாக விடுதலையானார். டிசம்பர் தொடக்கத்தில் முடிந்த சிப்பாய்கள் விசாரணையில் ஆறு பேருக்கு விடுதலை. மான்ட்கோமரி, கில்ராய் என்ற இருவர் மட்டும் குற்றவாளிகள்: திட்டமிட்ட கொலை இல்லை, ஆனால் ஆள் சாவுக்குப் பொறுப்பு. பாதிரியார்களுக்கென்று ஏற்பட்ட ஒரு பழைய சட்டச் சலுகையைக் கேட்டு இருவரும் தூக்கிலிருந்து தப்பினார்கள். அதை ஒருத்தர் ஒருமுறைதான் கேட்க முடியும். மறுபடி கேட்காமல் இருக்க அடையாளமாகக் கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள்.

சிப்பாய்கள் வழக்கின் ஜூரியில் பாஸ்டன்காரர் ஒருவர்கூட இல்லை. வாதத்திலும் ஆடம்ஸ் பழியைக் கூட்டத்தின் மேல் போட்டார். கறுப்பர்கள், ஐரிஷ்காரர்கள், மாலுமிகள் அடங்கிய தெருக்கும்பல் என்றார். செத்தவர்களில் ஒருவரான, ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸை அதன் தலைவன் போலக் காட்டினார். கட்சிக்காரர்களைக் காப்பாற்ற நினைத்தது நேர்மைதான். கையில் எடுத்த ஆயுதம் அவ்வளவு சுத்தம் இல்லை.

அடுத்தது ஜே ஒப்பந்தம். துணை அதிபர் ஆடம்ஸின் ஓட்டுதான் செனட்டில் சமநிலையை உடைப்பதாகத் தொடர் காட்டும். 1795ல் உண்மையான கணக்கு 20க்கு 10. ஒப்பந்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேணும். சமமாக வந்தால் தோல்விதான், துணை அதிபரின் ஓட்டுக்கு அங்கே வேலையே இல்லை!

இவ்வளவு ஜோடனை அவருக்குத் தேவையா? அவர் நிஜமாகவே தனியாக நின்ற இடம் ஒன்று இருக்கு. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சரின் ஆட்கள் அமெரிக்கத் தூதர்களிடம் லஞ்சம் கேட்டது 1798ல் வெளியே வந்ததும், நாட்டில் போர் வெறி ஏறியது. கடலில் அறிவிக்கப்படாத சண்டையே தொடங்கிவிட்டது. ஆடம்ஸின் சொந்த ஃபெடரலிஸ்ட் கட்சியிலும் போர்க்கட்சி வலுவாக இருந்தது. 1799 பிப்ரவரியில், தன் அமைச்சர்களைக்கூடக் கேட்காமல், சமாதானத் தூதரை நியமித்தார். கட்சி உடைந்தது. 1800 செப்டம்பர் 30ல் உடன்பாடு கையெழுத்தானது. அந்தச் செய்தி தேர்தலில் அவருக்கு உதவும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஜெஃபர்சனுக்கு 73, இவருக்கு 65. வயதான பிறகு எழுதிய ஒரு கடிதத்தில், பிரான்ஸோடு சமாதானம் செய்த பொறுப்பைத் தானே ஏற்றதைத்தான் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்றார்.

அதே மனுஷன்தான் அரசைத் திட்டி எழுதினால் சிறை என்ற சட்டத்திலும் 1798ல் கையெழுத்துப் போட்டார். காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன் அதில் நாலு மாசம் உள்ளே போனார். சிறையில் இருந்தபடியே மறுபடி ஜெயித்தார் என்பது தனிக் கதை.

கொள்கையில் நிற்கும் தலைவருக்கு டிவியில் கடைசியில் ஒரு வெற்றிக் காட்சி கிடைத்துவிடும். ஆடம்ஸுக்குக் கிடைத்தது பாதித் தீர்ப்பும் பதவி இழப்பும்தான். தொடரைப் பாருங்க, தாராளமா. ஓட்டெடுப்போ தீர்ப்போ வரும் காட்சியில் மட்டும் நிறுத்தி, நிஜ எண்ணிக்கை என்னன்னு ஒருமுறை தேடிடுங்க.