திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை

திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை என்பது தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி நகருக்கு வெளியே, நவல்பட்டுக்கு அருகில் அமைந்துள்ள இந்திய அரசுத் துறைத் துப்பாக்கி உற்பத்திச் சாலை ஆகும். 1966 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இத்தொழிற்சாலை, இந்தியப் பாதுகாப்புப் படைகளுக்கும் துணை இராணுவப் படைகளுக்கும் மாநிலக் காவல் துறைகளுக்கும் ரைபிள்கள் உள்ளிட்ட சிறு படைக்கலங்களைச் செய்து வழங்குகிறது. ஒரே வளாகத்தில் பல வகைத் துப்பாக்கிகள் உருவாவதால், எந்தப் பணிக்கு எந்த வகை ஏற்றது என்னும் வினாவை விளக்க இது தக்க எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

1962 ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பின்னர் இந்தியா தன் படைக்கல உற்பத்தியைப் பெருக்க முற்பட்டது. அக்காலத்தில் வங்காளத்தின் இச்சாப்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் கான்பூரிலும் சிறு படைக்கலத் தொழிற்சாலைகள் இருந்தன. அவற்றுடன் தெற்கில் மூன்றாவதாகத் திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலை சேர்ந்தது.

இது நீண்ட காலம் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் கீழ் இயங்கியது. ஊழியர் சங்கங்களின் எதிர்ப்புக்கிடையே அவ்வாரியம் கலைக்கப்பட்டு, 2021 அக்டோபர் 1 முதல் 7 பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்யூப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் இத்தொழிற்சாலை வந்தது.

தேர்வின் அடிப்படை

குழலின் உட்புறத்தில் திருகு வடிவில் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்ட நீள் துப்பாக்கியே ரைபிள் எனப்படும். இவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்வதால் அது நிலை தடுமாறாமல் நெடுந்தொலைவு செல்கிறது. ஒரு ரைபிளின் இயல்பைப் பெரிதும் முடிவு செய்வது அது ஏற்கும் தோட்டா ஆகும். இந்தியப் படைகள் மூன்று வகைத் தோட்டாக்களைப் பரவலாகப் பயன்படுத்துகின்றன. கீழ்க்காணும் அளவுகள் தோராயமானவை.

5.56×45 மி.மீ.: குண்டின் நிறை 4 கிராம், வேகம் நொடிக்கு 900 மீட்டருக்கு மேல், ஆற்றல் சுமார் 1,700 ஜூல்.
7.62×39 மி.மீ.: குண்டின் நிறை 8 கிராம், வேகம் நொடிக்கு 715 மீட்டர், ஆற்றல் சுமார் 2,000 ஜூல்.
7.62×51 மி.மீ.: குண்டின் நிறை 9.5 கிராம், வேகம் நொடிக்கு 840 மீட்டர், ஆற்றல் சுமார் 3,300 ஜூல்.

ஆற்றல் மிக்க தோட்டாவே சிறந்தது எனக் கொள்வது பிழையாகும். 5.56 மி.மீ. முழுத் தோட்டா ஒன்றின் எடை ஏறத்தாழ 12 கிராம், 7.62×51 மி.மீ. தோட்டாவின் எடை அதைப்போல் இரு மடங்கு. எனவே ஒரே சுமையில் முன்னதை இரு மடங்கு எடுத்துச் செல்லலாம். மேலும் தோட்டாவின் வலிமை கூடக்கூடச் சுடுபவரின் தோளில் விழும் பின்னுதைப்பும் கூடும். அடுத்தடுத்துச் சுடும்போது குறி விலகும். எடை, தொலைவு, தாக்குவலிமை, கட்டுப்பாடு ஆகிய நான்கில் ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது.

முக்கிய வகைகள்

இன்சாஸ்: புனேயிலுள்ள படைக்கல ஆய்வு நிறுவனம் வடிவமைத்த 5.56 மி.மீ. ரைபிள். இது 1990களின் இறுதியில் படையில் சேர்க்கப்பட்டு, இச்சாப்பூர், கான்பூர், திருச்சிராப்பள்ளி ஆகிய மூன்று இடங்களிலும் செய்யப்பட்டது. இதன் பயனுறு தொலைவு 400 மீட்டர். ஒற்றைச் சூடாகவும் மும்முறைத் தொடர் சூடாகவும் சுடலாம். 1999 கார்கில் போரின் கடுங்குளிரில் இதன் பிளாஸ்டிக் மேகசின்கள் வெடிப்புற்றதாக முறையீடுகள் எழுந்தன. பின்னர் பல திருத்தங்கள் செய்யப்பட்டன.

திருச்சி தாக்குதல் ரைபிள்: கலாஷ்னிகோவ் வகையைப் பின்பற்றி இத்தொழிற்சாலை உருவாக்கிய 7.62×39 மி.மீ. ரைபிள். மேகசினில் 30 தோட்டாக்கள் கொள்ளும். ஒற்றைச் சூடாகவும் முழுத் தானியங்கியாகவும் இயங்கும். காட்டுப் பகுதிகளில் மாவோயிசக் குழுக்களை எதிர்கொண்ட மத்திய சேமக் காவல் படை, 2010களின் நடுவில் இன்சாசுக்கு மாற்றாக கலாஷ்னிகோவ் வகையை விரும்பியது. இத்தகைய தேவைக்கு உள்நாட்டு விடையாக இந்த ரைபிள் அமைந்தது.

திருச்சி கார்பைன்: மேற்கண்ட ரைபிளின் குறுங்குழல் வடிவம். ஊர்திக்குள்ளும் கட்டடங்களுக்குள்ளும் கையாள எளிது. குழல் குறுகுவதால் குண்டின் வேகமும் பயனுறு தொலைவும் குறைகின்றன.

வித்வன்சக்: 12.7, 14.5, 20 மி.மீ. ஆகிய மூன்று அளவுகளில் அமையும் பெருந்துப்பாக்கி. பதுங்கு குழிகள், இலகு ஊர்திகள், கருவிகள் ஆகியவற்றைத் தாக்குவதற்குரியது. இதன் எடை சுமார் 25 கிலோகிராம் என்பதால் பிரித்தே சுமந்து செல்ல வேண்டும். 14.5 மி.மீ. வடிவத்தின் பயனுறு தொலைவு 2 கிலோமீட்டருக்கும் மேல்.

தொலைவிலிருந்து இயக்கப்படும் 12.7 மி.மீ. துப்பாக்கி: இது ரைபிள் அன்று, கப்பல் தளத்தில் பொருத்தப்படும் இயந்திரத் துப்பாக்கி. இசுரேலின் எல்பிட் நிறுவனத் தொழில்நுட்பத்துடன் செய்யப்படுகிறது. 2021 இல் இத்தொழிற்சாலை 10 துப்பாக்கிகளைக் கடற்படைக்கும் 5 துப்பாக்கிகளைக் கடலோரக் காவல் படைக்கும் வழங்கியது. இவ்வகையில் 463 துப்பாக்கிகளுக்கான சுமார் 1,752 கோடி ரூபாய் ஒப்பந்தம் 2024 பிப்ரவரியில் கையெழுத்தானது.

செங்கல்பட்டு - மாமல்லபுரம் கடற்கரை: ஓர் எடுத்துக்காட்டு

இடத்துக்கு ஏற்பத் துப்பாக்கியின் தேவை எவ்வாறு மாறுகிறது என்பதைச் சென்னைக்குத் தெற்கே உள்ள செங்கல்பட்டுப் பகுதியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

பயிற்சி: சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த அனுமந்தபுரத்தில் படையினருக்கான துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் உள்ளது. வடக்கே பரங்கிமலையில் 1963 இல் நிறுவப்பட்ட அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இயங்குகிறது. புதிதாகப் பயில்வோருக்குப் பின்னுதைப்பு குறைந்த 5.56 மி.மீ. ரைபிள் குறி தவறாத பழக்கத்தைத் தருகிறது.

நிலையக் காவல்: கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் காவல் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையின் பொறுப்பில் உள்ளது. மாமல்லபுரமோ ஆண்டு முழுவதும் பயணிகள் நிறைந்த ஊர். இத்தகைய இடங்களில் குறி தவறிய குண்டு எங்குச் சென்று படும் என்பதே முதற்கவலை. ஆதலால் நெடுந்தொலைவுத் திறனைவிடக் கட்டுப்பாடும் கையடக்கமும் முதன்மை பெறுகின்றன.

கடற்காவல்: 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலை நடத்தியோர் கடல் வழியே வந்ததால், அதன்பின் நாடு முழுவதும் கரையோரக் காவல் வலுப்படுத்தப்பட்டது. அலையில் ஆடும் படகிலிருந்து தோளில் ஏந்திச் சுடுவது கடினம். தொலைவிலிருந்து இயக்கப்படும் துப்பாக்கி, தளத்தின் ஆட்டத்தைத் தானே ஈடுசெய்து குறியை நிலைநிறுத்துகிறது. சுடுபவர் மறைவிடத்திலிருந்து திரையைப் பார்த்து இயக்கலாம்.

உப்புக் காற்று: கடற்கரையில் எஃகு விரைவில் துருவேறும். இன்சாஸ் குழலின் உட்புறத்தில் குரோமியப் பூச்சு உள்ளது. இது அரிப்பைத் தடுக்க உதவும். எனினும் அன்றாடத் துடைப்பும் எண்ணெய்ப் பூச்சும் தவிர்க்க முடியாதவை.

பொதுமக்களும் சட்டமும்

மேற்கூறிய படைத்துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வாங்க இயலாது. 1959 ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமம் பெற்றவர்கள், தடை செய்யப்படாத அளவுகளிலான துப்பாக்கிகளை மட்டுமே வைத்திருக்கலாம். அரசுத் தொழிற்சாலைகளில் செய்யப்படும் 0.315 அங்குல ரைபிள் அத்தகையது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டையும் தடை செய்யப்பட்டது. செங்கல்பட்டுப் பகுதியில் இத்தகைய தடைக்கு மிகப் பழைய முன்னோடி உண்டு. ஆங்கிலேயப் படையினர் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊர் மக்கள் முறையிட்டனர். அவர்களுக்கு 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அளித்தார்.

இன்றைய நிலை

இந்தியத் தரைப்படை 2019 இல் 72,400 சிக் 716 ரைபிள்களை அமெரிக்காவிலிருந்து வாங்க ஒப்பந்தம் செய்தது. 2021 டிசம்பரில் 6,01,427 ஏகே-203 ரைபிள்களை உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் உருசியக் கூட்டு முயற்சியில் செய்ய ஒப்பந்தமானது. ஏகே-203 ஏற்பதும் திருச்சி தாக்குதல் ரைபிள் ஏற்பதும் ஒரே 7.62×39 மி.மீ. தோட்டாவே. தரைப்படையின் பெரும் தேவை கோர்வாவுக்குச் சென்றதால், ரைபிள்களைப் பொறுத்தவரை திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலைக்குத் துணை இராணுவப் படைகள், காவல் துறைகள் ஆகியவற்றின் தேவை முன்னிலும் இன்றியமையாததாகியுள்ளது. 2019 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.