அன்பிலீவபிளும் மாங்குளம் கடலனும்

'அன்பிலீவபிள்' என்ற இங்கிலீஷ் வார்த்தையை எப்படி உடைப்பீங்க? காதால் உடைத்தால் அன்-பி-லீ-வ-பிள், ஐந்து அசை, அழுத்தம் 'லீ'யில். பொருளால் உடைத்தால் அன்+பிலீவ்+அபிள், மூன்றே துண்டு. இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழாது. பிள்ளைகள் குழம்புவதும் இங்கேதான்.

நமக்கு இது புதுசா என்ன? 'கடலன்' என்று ஒரு பெயர். நம்ம வெண்பா பதிவர்களைக் கேட்டால் கட-லன், நிரை நேர், புளிமா என்பார்கள். நன்னூல் படித்தவர் கடல்+அன், பகுதி விகுதி என்பார். (அழுத்தம் மட்டும் வேறு கதை. ஃபோட்டோகிராஃபில் முதல் அசையில் நிற்பது ஃபோட்டோகிராஃபரில் இரண்டாவதுக்குத் தாவும். அந்த வம்பு நமக்கு இல்லை.)

இந்தக் கடலன் உதாரணத்துக்கு நான் பிடித்த ஆள் இல்லை. மதுரைக்குப் பக்கத்தில், மாங்குளம் மலைக்குகையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிறார். நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி, கணி நந்தன் என்ற சமணத் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த சேதி அது. 1882ல் ராபர்ட் சீவெல் இதைக் கண்டுபிடித்தார். எழுத்து அசோகர் கல்வெட்டு மாதிரி பிராமி. அதனால் மொழியும் பாலி, பிராகிருத வகை என்றே ரொம்ப நாள் பார்த்தார்கள். 1924ல்தான் கே.வி. சுப்பிரமணிய ஐயர், இந்த மாதிரி குகைக் கல்வெட்டுகளில் ழ, ள, ற, ன இருப்பதைக் காட்டி, இது தமிழய்யா என்றார்.

அப்பவும் வாசிப்பது லேசில்லை. புள்ளி கிடையாது. அசோகர் முறைப்படி வெறும் எழுத்து என்றால் 'க', கோடு போட்டால் 'கா'. மாங்குளத்திலோ வெறும் எழுத்து 'க்', கோடு போட்டால்தான் 'க'. பழைய முறையில் படித்தால் நம்ம ஆள் 'காடாலஅன' மாதிரி ஏதோ ஆகிவிடுவார்! 1960களில் ஐராவதம் மகாதேவன் இந்த முறையை விளக்கிய பிறகுதான் நெடுஞ்செழியன் பெயரே தெளிவாக வெளியே வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேற. கல்லில் 'கடலன்' என்று சேர்த்து எழுதவில்லை. 'கடல்அன்' என்று, ல் தனி, அ தனி. 'பணவன்' கூட 'பணஅன்'தான். காதுக்கு ஏற்ற வெட்டு இல்லை, பொருளுக்கு ஏற்ற வெட்டு. நன்னூலுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால், யாரோ ஒருவர் பகுதியையும் விகுதியையும் பிரித்தே எழுதி வைத்திருக்கிறார்.

கடைசியில் வரும் வினையையும் இப்படியே பிரிக்கலாம். மகாதேவன் வாசிப்பில் அது 'கொட்டுபித்த'. கொட்டு என்றால் செதுக்கு. 'கற்பி'யில் வருகிற அதே 'பி' இங்கேயும். அதாவது கடலன் உளி பிடிக்கவில்லை, ஆள் வைத்துச் செதுக்க வைத்தார். கொட்-டு-பித்-த என்று அசை பிரித்துப் பாருங்க, அந்த 'பி' 'பித்'துக்குள் ஒளிந்துகொள்ளும். செதுக்கின ஆளின் பெயர் இந்தக் கல்வெட்டில் இல்லை. அப்படி ஒருத்தர் இருந்தார் என்பதற்கு வாசகத்தில் இருப்பது அந்த 'பி' ஒன்றுதான்.